ஊதாத பதினான்கரை லட்சம் மூச்சு: அயர்லாந்துக் காவல்துறையின் கணக்கு

2017 மார்ச் 23 அன்று அயர்லாந்துக் காவல்துறை டப்ளினில் செய்தியாளர்களைக் கூப்பிட்டு இரண்டு தவறுகளை ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டது. முதலாவது, அபராதச் சீட்டு பற்றியது. சிறு போக்குவரத்துக் குற்றம் செய்தவருக்கு முதலில் அபராதச் சீட்டு அனுப்ப வேண்டும். அவர் பணம் கட்டாவிட்டால்தான் சம்மன். சுமார் 14,700 பேர் அந்தச் சீட்டே அனுப்பப்படாமல் நேரே நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுத் தண்டனையும் பெற்றிருந்தார்கள். இரண்டாவது, குடிபோதை ஓட்டுநர்களைப் பிடிக்கும் மூச்சுச் சோதனை. 2011 முதல் 2016 வரை 19,95,369 சோதனைகள் நடந்ததாகக் காவல்துறையின் கணினி சொன்னது. சோதனைக் கருவிகளுக்குள் ஒவ்வொரு ஊதலையும் எண்ணும் எண்ணியோ 10,58,157 என்றது. இடைவெளி 9,37,212.

அன்றைக்கு அது ஒரு கணக்குப் பிழைபோலச் சொல்லப்பட்டது. ஆறு மாதத்தில் பிழை பெருத்தது. செப்டம்பரில் வந்த உள் விசாரணை அறிக்கை, ஆய்வுக் காலத்தை 2009 ஜூனிலிருந்து 2017 ஏப்ரல் வரை நீட்டிப் பார்த்தது. காவல்துறையின் ஏட்டில் 34,98,400 சோதனைகள், கருவிகளில் 20,40,179. நடக்காத சோதனைகள் 14,58,221. அயர்லாந்தின் மக்கள்தொகை அப்போது ஏறக்குறைய 47 லட்சம் என்பதை நினைவில் வைத்தால் இந்த எண்ணின் கனம் புரியும். நாளொன்றுக்குச் சராசரியாக 500-க்கும் அதிகமான மூச்சுகளை யாரும் ஊதாமலேயே யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள், ஏறத்தாழ எட்டு ஆண்டுகளாக.

இந்த வழக்கைப் பொய்யர்களின் கதையாகப் படிப்பது எளிது. அன்றைய அயர்லாந்துப் பத்திரிகைகள் பெரும்பாலும் அப்படித்தான் படித்தன, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இதை ஆள், வண்டி, கருவி, கணினி என்று ஒரு காவல்துறையின் கையிருப்பைப் பற்றிய வழக்காகவும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பற்றாக்குறை வந்த இடத்தில் எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது என்றால், அந்தப் பற்றாக்குறை எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்பதுதான் இதன் உள்ளடக்கம்.

சாலையில் நடப்பது

அயர்லாந்தில் காவல்துறை ஒன்றுதான். 1922-ல் தொடங்கப்பட்ட கார்டா ஷீகானா, சுருக்கமாக கார்டா. நாடு முழுவதற்கும் அதுவே சட்டம் ஒழுங்கு, அதுவே குற்றப் புலனாய்வு, அதுவே போக்குவரத்துக் காவல். சீருடைக் காவலர்களில் பெரும்பாலோர் துப்பாக்கி வைத்திருப்பதில்லை. மாநிலக் காவல்துறை, மாநகரக் காவல்துறை என்ற பிரிவுகள் இல்லாததால் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் பக்கத்து வீடு இல்லை.

2006 ஜூலை வரை, ஒரு காவலர் ஓட்டுநரை ஊதச் சொல்ல வேண்டுமென்றால் அவர் குடித்திருக்கிறார் என்ற சந்தேகமோ, ஒரு விபத்தோ, விதிமீறலோ முகாந்திரமாக இருக்க வேண்டும். அந்த ஆண்டு வந்த சட்டம் அதை மாற்றியது. இன்ஸ்பெக்டர் அல்லது அவருக்கு மேற்பட்ட அதிகாரி ஒருவர் இடத்தையும் நேரத்தையும் குறித்து எழுத்தில் அனுமதி கொடுத்தால், அந்த இடத்தில் வரும் எந்த வண்டியையும் நிறுத்தி, எந்தக் காரணமும் இல்லாமல் ஓட்டுநரை ஊதச் சொல்லலாம். 2006-ல் அந்நாட்டுச் சாலைகளில் 365 பேர் இறந்தார்கள். 2012-ல் அது 160-ஐ ஒட்டி இறங்கியது. இடையில் 2011 அக்டோபரில், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராமாக இருந்த மது வரம்பு 50 ஆகக் குறைக்கப்பட்டது; புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கும் தொழில்முறை ஓட்டுநர்களுக்கும் 20. சாவு குறைந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் எந்தத் திருப்பத்தில் ஊதச் சொல்வார்கள் என்று தெரியாத பயம் அவற்றில் ஒன்று என்பதில் அங்கு யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எனவே எத்தனை பேரை ஊதச் சொன்னோம் என்பது ஒரு கொள்கையின் அளவுகோலாகவே ஆகிவிட்டது.

சோதனைக் கருவி கையடக்கமானது, ஜெர்மானிய டிரேகர் நிறுவனத்தின் தயாரிப்பு. ஒவ்வொருவருக்கும் புதிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகி ஊதச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஊதலுக்கும் கருவிக்குள் இருக்கும் எண்ணி ஒன்று கூடும், ஸ்கூட்டரில் ஓடிய கிலோமீட்டர் கூடுவதுபோல. இந்தக் கருவிகளை வாங்கித் தருவதும், குறிப்பிட்ட கால இடைவெளியில் திரும்பப் பெற்று அளவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் காவல்துறை அல்ல. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இயங்கும் சாலைப் பாதுகாப்பு மருத்துவப் பணியகம் அதைச் செய்கிறது. கருவி அங்கே போகும்போதெல்லாம் எண்ணியின் அளவும் கூடவே போனது. உண்மைக் கணக்கு வேறொரு அலுவலகத்தில், வேறொரு கோப்பில், யாரும் தொடாமல் பத்திரமாக இருந்தது என்பதை இங்கே அடிக்கோடிட வேண்டும். அதைக் காவல்துறையின் கணக்கோடு சேர்த்து வைத்துப் பார்க்கும் வேலை மட்டும் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை.

காவல்துறையின் கணக்கு பல்ஸ் என்ற கணினி அமைப்பில் ஏறியது. 1999-ல் வந்தது அது. நாட்டுப்புறக் காவல் நிலையங்கள் பலவற்றில் அப்போது பல்ஸ் இணைப்பே கிடையாது. எனவே வண்டித் தணிக்கை முடித்த காவலர், மேற்கே மேயோ மாவட்டத்தின் காசில்பார் ஊரில் உள்ள தகவல் மையத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, எங்கே நின்றோம், எத்தனை பேர் ஊதினார்கள் என்று சொல்வார். மறுமுனையில் இருப்பவர் தட்டச்சு செய்வார். கருவியின் வரிசை எண்ணையோ, தணிக்கை தொடங்கும்போதும் முடியும்போதும் எண்ணி காட்டிய அளவையோ யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கான கட்டமும் திரையில் இல்லை. மழையில் மூன்று இடங்களில் நின்றுவிட்டு நிலையம் திரும்பியவர் நினைவிலிருந்து ஒரு எண்ணைச் சொல்வார். அது பத்தா, இருபதா என்று சரிபார்க்க எவரிடமும் எந்தத் தாளும் இல்லை.

காவல்துறைக் கண்காணிப்பு ஆணையத்துக்காக க்ரோ ஹார்வத் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனம் 2017 நவம்பரில் தந்த அறிக்கை இதை மூடிமறைக்கவில்லை. எண்களை மதிப்பாகச் சொல்வதும், கூட்டிச் சொல்வதும், சில இடங்களில் முழுக்கக் கற்பனையாகவே சொல்வதும் நாடு முழுக்கப் பரவியிருந்தது என்றும், மேலதிகாரிகள் அந்த எண்களைக் கேள்வி கேட்கவில்லை என்றும் அது சொன்னது. ஒரு வட்டாரத்தின் கெட்ட பழக்கம் என்று ஒதுக்க முடியாதபடி எல்லா வட்டாரங்களிலும் ஏடு கருவியை மிஞ்சியிருந்தது.

ஆள் இல்லாத ஆண்டுகள்

தேதிகளைக் கவனியுங்கள். ஆய்வு தொடங்கும் 2009-தான் அயர்லாந்து அரசு, வங்கிகள் சரிந்த நெருக்கடியில் காவலர் ஆள்சேர்ப்பை நிறுத்திய ஆண்டும். டெம்பிள்மோர் ஊரில் இருக்கும் காவலர் பயிற்சிக் கல்லூரி புதிய பயிற்சியாளர் யாரும் இல்லாமல் கிடந்தது. 2014 செப்டம்பரில்தான் மறுபடி ஒரு குழு உள்ளே நுழைந்தது. அதற்குள் 14,500-க்கு அருகில் இருந்த காவலர் பலம் 13,000-க்குக் கீழே இறங்கிவிட்டது. 2012-லும் 2013-லும் மொத்தம் 139 காவல் நிலையங்கள் மூடப்பட்டன. அரசு வண்டிகள் 3 லட்சம் கிலோமீட்டரைத் தொட்டதும் ஓய்வு பெற வேண்டும் என்ற விதியால், மாற்று வண்டி வருவதற்கு முன்பே வண்டி போய்விடும் நிலையங்கள் இருந்தன.

இந்த வெட்டில் அதிகம் அடிபட்டது போக்குவரத்துப் பிரிவு. 2009-ல் ஆயிரத்தைத் தாண்டியிருந்த அதன் பலம் 2016-ல் 700-க்கும் கீழே வந்தது. காரணம் சிக்கலானது அல்ல. கொலை நடந்தால் ஆளை அனுப்பாமல் இருக்க முடியாது. வீட்டில் திருட்டுப் போனால் ஒருவராவது போய்த்தான் ஆக வேண்டும். இரவு பதினோரு மணிக்கு வெறும் சாலையில் நின்று வண்டி நிறுத்தும் வேலையை மட்டும் யாருக்கும் தெரியாமல் குறைத்துவிடலாம். நடக்காத தணிக்கைக்குப் புகார் கொடுக்க ஆள் கிடையாது. பதவி விலகியவரின் இடம் நிரப்பப்படாமல் போனது, நிரப்பப்படாத இடம் பழக்கமானது.

ஆனால் ஆண்டுத் திட்டங்கள் நிற்கவில்லை. தணிக்கை எத்தனை, சோதனை எத்தனை என்ற கேள்வி தலைமையகத்திலிருந்து கீழே வந்துகொண்டே இருந்தது. நான்கு பேர் செய்த வேலையை இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டு நான்கு பேரின் கணக்கைக் கேட்டால், கணக்கு எப்படியோ வந்து சேரும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அயர்லாந்தில் அது ஆண்டறிக்கைக்கு நன்றாகவே உதவியது. பொய் எழுதிய ஒவ்வொரு காவலரும் ஆள் பற்றாக்குறையால்தான் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆட்கள் நிறைந்திருந்த நாட்களிலும் ஏடு பெருத்திருந்தது. சோம்பலும் அலட்சியமும் அதில் கலந்திருக்கின்றன, அறிக்கைகளும் அவற்றை மன்னிக்கவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். போக்குவரத்துப் பிரிவு சுருங்கியதால் சாலைக் கண்காணிப்பு எவ்வளவு சுருங்கியது என்று அமைச்சருக்கோ நாடாளுமன்றத்துக்கோ காட்டியிருக்க வேண்டிய எண், அதைக் காட்ட முடியாதபடி கெட்டுப்போயிருந்தது. பணம் குறைத்தவர்களும் அதன் விளைவைப் பார்க்க வேண்டிய கட்டாயத்திலிருந்து தப்பினார்கள். பொய்க் கணக்கால் பயன் பெற்றவர்கள் காவலர்கள் மட்டுமல்லர்.

யாருக்கு என்ன கெட்டது

பொய்யான சோதனைகளால் யாரும் சிறைக்குப் போகவில்லை. சாலையில் ஊதுவது முதல்நிலைச் சோதனை மட்டுமே. அதில் சிக்கியவரை நிலையத்துக்குக் கொண்டுபோய் வேறொரு பெரிய கருவியிலோ, இரத்தம் அல்லது சிறுநீர் மாதிரியிலோ அளந்தால்தான் வழக்கு. அந்த அளவீடுகளில் குறை இல்லை. எனவே குடிபோதை வழக்குகள் நின்றன. இதைச் சொல்லிச் சிலர், அப்படியென்றால் இது வெறும் எழுத்துப் பிழைதானே என்று ஆறுதல் தேடினார்கள்.

அந்த ஆறுதல் ஏற்கத் தக்கதல்ல. பிடிபட்டவர்களின் எண் உண்மை. சோதிக்கப்பட்டவர்களின் எண் பொய். ஒன்றை மற்றொன்றால் வகுத்துத்தான் நூறு ஓட்டுநர்களில் எத்தனை பேர் குடித்திருக்கிறார்கள் என்று நாடு தெரிந்துகொள்கிறது. ஏடு 71 சதவீதம் பெருத்திருந்ததால், ஏட்டின்படி ஆயிரத்துக்குப் பத்துப் பேர் என்று வரும் இடத்தில் உண்மையில் பதினேழு பேர் இருப்பார்கள். நாடு தன்னை இருந்ததைவிட நிதானமான நாடாக நினைத்துக்கொண்டிருந்தது. சாலைப் பாதுகாப்புக்கு எங்கே பணம் போடுவது, எந்த மாவட்டத்தில் எத்தனை தணிக்கை வைப்பது, வரம்பைக் குறைத்த 2011-ன் சட்டம் வேலை செய்ததா என்பன போன்ற கேள்விகள் எல்லாம் இந்த வகுத்தலின் மேல்தான் நிற்கின்றன.

அந்த 14,700 பேரின் நிலை வேறு. அவர்களுடைய தண்டனைகளை மேல்முறையீட்டுக்குக் கொண்டுபோய் ரத்து செய்யக் காவல்துறையே ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. அபராதச் சீட்டு அமைப்பும் சம்மன் அமைப்பும் ஒன்றோடொன்று பேசாததன் விலை அது. மூச்சுச் சோதனை விவகாரத்தின் அளவு பெரிது என்பதால் இவர்கள் பற்றிய செய்தி பின்னுக்குப் போய்விட்டது. தனிமனிதர்களுக்கு நேர்ந்த அநீதி என்று பார்த்தால் இதுவே பெரியது என்பேன்.

மூன்று ஆண்டு மௌனம்

2014 ஏப்ரலில் சாலைப் பாதுகாப்பு ஆணையத்துக்குப் பெயரில்லாத புகார் ஒன்று வந்தது. மூச்சுச் சோதனைத் தணிக்கைகளைப் பற்றியது அது. புகார் காவல்துறைக்குப் போனது. தென் வட்டாரத்தின் கணக்குகளைச் சரிபார்த்தார்கள்; ஏட்டுக்கும் கருவிக்கும் 17 சதவீத வேறுபாடு வந்தது. பிறகு நாடு முழுக்கக் கணக்கைச் சரிபார்ப்பது என்று முடிவாயிற்று. 2017 மார்ச்சில்தான் மக்களுக்கு முழு எண் தெரிந்தது, அதுவும் பத்திரிகைகளும் பிற அமைப்புகளும் கேட்கத் தொடங்கிய பிறகு.

புகார் வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்புதான், 2014 மார்ச்சில், காவல்துறைத் தலைவர் மார்ட்டின் காலினன் பதவி விலகியிருந்தார். செல்வாக்கு உள்ளவர்களின் ஓட்டுநர் உரிமத்தில் ஏற வேண்டிய தண்டனைப் புள்ளிகள் சத்தமில்லாமல் நீக்கப்பட்டதை மோரிஸ் மெக்கேப் என்ற சார்ஜென்ட் வெளியே சொன்ன விவகாரம் அவர் விலகியதன் பின்னணியில் இருந்தது. அந்த சார்ஜென்டைத் துறை எப்படி நடத்தியது என்பதை விசாரிக்கவே பின்னாளில் ஒரு தீர்ப்பாயம் அமைக்க நேர்ந்தது. போக்குவரத்துக் கணக்கில் கை வைத்தால் என்ன நடக்கும் என்பதை எல்லா நிலையங்களும் கண்ணால் பார்த்த நேரத்தில், அடுத்த புகார் பெயர் இல்லாமல் வந்ததில் வியப்பில்லை.

2017 செப்டம்பரில் அடுத்த தலைவர் நோரீன் ஓசல்லிவனும் ஓய்வை அறிவித்துப் போனார். யார் யார் எந்தப் பொய் எண்ணைச் சொன்னார்கள் என்று தனித்தனியாகத் தேடிப் பிடிப்பது நடைமுறையில் இயலாது என்பதே துறையின் நிலைப்பாடாக இருந்தது. ஏட்டில் கருவியின் வரிசை எண்ணே இல்லாதபோது அது உண்மையும்கூட. சான்று இல்லாதபடி அமைப்பை வைத்துக்கொண்டவர்களுக்கு அந்த அமைப்பே கேடயமானது.

நாட்டின் புள்ளியியல் அலுவலகம் காவல்துறையின் குற்றக் கணக்குகளை 2018-லிருந்து ஒரு எச்சரிக்கைக் குறிப்போடுதான் வெளியிட்டது. அந்தக் குறிப்பு 2023-ல்தான் எடுக்கப்பட்டது.

கருவியை ஏமாற்றியவர்கள்

அயர்லாந்து தனியாக இல்லை. 2018-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் காவல்துறை, ஐந்தரை ஆண்டுகளில் 2,58,000-க்கும் அதிகமான மூச்சுச் சோதனைகள் போலியானவை என்று ஒப்புக்கொண்டது. 2025-ல் நியூசிலாந்துக் காவல்துறை சுமார் 30,000 சோதனைகளைப் பற்றி அதையே சொன்னது.

வேறுபாடு கவனிக்கத் தக்கது. விக்டோரியாவில் காவலர்கள் கருவியின் துளையில் விரலை வைத்தும் தாங்களே ஊதியும் எண்ணியை ஓட வைத்தார்கள். அங்கே கருவியின் கணக்கையே மேலிடம் பார்த்ததால் ஏமாற்றப்பட வேண்டியது கருவியாக இருந்தது. அயர்லாந்தில் யாரும் கருவியைப் பார்க்கவில்லை. அதை ஏமாற்ற வேண்டிய சிரமமும் யாருக்கும் ஏற்படவில்லை. அங்கே நேர்மையான கருவியும் நேர்மையற்ற ஏடும் எட்டு ஆண்டு அருகருகே வாழ்ந்தன. விக்டோரியாவில் பொய்யின் பங்கு மொத்தச் சோதனையில் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். அயர்லாந்தில் ஏட்டில் இருந்ததில் நாற்பது சதவீதத்துக்கும் மேல். கண்காணிப்பு இருந்த இடத்திலும் பொய் வந்தது, ஆனால் இந்த அளவில் வரவில்லை.

விக்டோரியாவில் சாலை விபத்து இழப்பீட்டு ஆணையம் 40 லட்சம் டாலர் நிதியை நிறுத்தி வைத்தது. சோதனைக்குப் பணம் தருபவர் ஒருவர் வெளியே இருந்தால் இப்படி ஒரு கேள்வியாவது எழும். அயர்லாந்தில் மருத்துவப் பணியகம் கருவியைத் தந்தது, அரசு சம்பளம் தந்தது, காவல்துறை எண்ணைத் தந்தது. மூவரும் ஒரே மேசைக்கு வரவில்லை.

பிறகு

வண்டித் தணிக்கைக்கென ஒரே படிவம், கருவியின் எண்ணி அளவை முன்னும் பின்னும் எழுதும் முறை, பல்ஸில் ஒரே பதிவு வழி ஆகியவை 2016 நவம்பரிலேயே வந்துவிட்டன. அதாவது செய்தியாளர் சந்திப்புக்கு நான்கு மாதம் முன்பே. ஒரு படிவமும் திரையில் சில கட்டங்களும்தான் தீர்வு என்று பார்க்கும்போது, அவை 2006-ல் சட்டத்தோடு கூடவே வராமல் போனது இன்னும் உறுத்துகிறது. 2017 ஏப்ரலில் போதைப்பொருளையும் சேர்த்துச் சோதிக்கும் அதிகாரம் வந்தது. புதிய தலைமுறைக் கருவிகள் தாமாகவே தேதி, நேரத்தைச் சேமிக்கின்றன. காவலர்கள் கையில் பணிக்கான கைபேசிகள் வந்தன. காசில்பாருக்கு அழைத்து நினைவிலிருந்து எண் சொல்லும் காலம் ஏறத்தாழ முடிந்தது.

கருவி வந்தது, ஆள் வரவில்லை. 2023-ல் சாலைச் சாவு 180-ஐத் தாண்டியது. 2018-ல் வட அயர்லாந்துக் காவல்துறையிலிருந்து வந்து தலைமை ஏற்ற ட்ரூ ஹாரிஸ், 2024 ஏப்ரலில் ஓர் உத்தரவு போட்டார்: சீருடைக் காவலர் ஒவ்வொருவரும், எந்தப் பிரிவில் இருந்தாலும், ஒவ்வொரு பணிமுறையிலும் 30 நிமிடம் சாலைக் கண்காணிப்பு செய்ய வேண்டும். அதே ஆண்டு, போக்குவரத்துப் பிரிவின் புதிய பெயரான சாலைக் காவல் பிரிவைப் பற்றி ஓர் ஆய்வறிக்கையும் வந்தது. அதற்கும் தூண்டுதல் பெயரில்லாத கடிதம்தான், ஆய்ந்தவர்களும் அதே க்ரோ நிறுவனம்தான். ஒரு சிறு பகுதியினர் தங்கள் கடமையை அப்பட்டமாகவே புறக்கணித்தார்கள் என்று அந்த அறிக்கை கண்டது.

அந்த 30 நிமிட உத்தரவு, பிரிவுக்கு ஆள் போடாமல் எல்லோரிடமிருந்தும் கொஞ்சம் நேரத்தை வாங்கிச் சமாளிக்கும் வழி. பயன் இல்லாதது என்று சொல்ல மாட்டேன். காவலர் நிற்கும் எந்தச் சாலையும் நிற்காத சாலையைவிட மேல். ஆனால் அதுவும் ஒரு எண். நின்றேன் என்று காவலர் எழுதுவார், நின்றார்கள் என்று மேலே தொகுப்பார்கள். இந்த முறை அதற்கு எதிராக வைத்துப் பார்க்கக் கருவிக்குள் எண்ணி எதுவும் இல்லை. சாலைக் காவல் பிரிவின் பலமோ 2024-லும் 2009-ன் அளவை எட்டவில்லை.